பழைய காரும் புதிய வெளிச்சமும்

பழைய மோட்டார் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிக் குறை சொல்லாதவர்கூட முகப்பு விளக்கைப் பற்றிக் குறை சொல்வார். இரவில் சாலை தெரியவில்லை என்பார். குறை உண்மையானதுதான். அதற்கு மருந்தென்று கடைகளில் வண்ண வண்ணப் பெட்டிகளில் பல்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெட்டி இருமடங்கு வெளிச்சம் என்கிறது. இன்னொன்று 20,000 லூமென் என்கிறது. வேறொன்று பகலைப் போன்ற வெண்ணிற ஒளி என்கிறது. பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டப் பத்து நிமிடம் போதும் என்பதில் மட்டும் எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபடுகின்றன.

ஒரு நூலை வரிவரியாகப் படித்து மதிப்பிடுவது போல, இப்பெட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளி இறுதி வகுப்பு வரை படிக்கும் ஒளியியலும் மின்னியலும் இதற்குப் போதும். எடுத்துக்காட்டாக, 1958 முதல் 2014 வரை இந்தியாவில் தயாரான அம்பாசடர் காரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதன் 7 அங்குல வட்ட விளக்கு நம் அனைவருக்கும் பழக்கமான முகம். பழைய ஜீப்புக்கும் வேறு பல வண்டிகளுக்கும் அதே அளவு வட்ட விளக்குதான்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பின்னால் காண்போம். இப்பெட்டிகள் பேசுவதெல்லாம் பல்பைப் பற்றி. ஆனால் சாலையில் ஒளியை விரிப்பது பல்பு அன்று, விளக்கு. இரண்டும் ஒன்றென்று நம்மை எண்ண வைப்பதுதான் இவ்விளம்பரங்களின் அடிப்படைப் பிழை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியிடும் ஒளியின் அளவு. ஐரோப்பிய விதிகளின்படி எச்4 எனப்படும் இரட்டை இழை ஹாலஜன் பல்பு, 13.2 வோல்ட்டில் பிரைட் இழையில் 1,650 லூமெனும் டிம் இழையில் 1,000 லூமெனும் தரவேண்டும். இதில் 15 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதற்குமேல் தரும் பல்பு எச்4 பல்பே அன்று.

அப்படியானால் 100 சதவீதம் கூடுதல் வெளிச்சம் என்று எச்4 பல்பின் பெட்டியில் எப்படி அச்சிட முடிகிறது? பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தால் விளங்கும். ஒப்பீடு வழக்கமான நல்ல பல்போடு அன்று. சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவோடு. அதுவும் சாலையின் சில குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும். இழையை நெருக்கமாகச் சுற்றி, துல்லியமாக நிறுத்தி, சற்று அதிகச் சூட்டில் எரியவிட்டால் அப்புள்ளிகளில் ஒளி கூடும் என்பது உண்மையே. அதற்கு விலையாகப் பல்பின் ஆயுள் குறையும். கூற்று முழுப்பொய் அன்று; ஆனால் படிப்பவர் புரிந்துகொள்வது வேறு, அச்சிட்டவர் குறித்தது வேறு.

20,000 லூமென் கதை இதைவிட எளிது. மனிதக் கண் மிக நன்றாக உணரும் பச்சை ஒளியில், 1 வாட்டு ஒளியாற்றல் 683 லூமெனுக்குச் சமம். இது இயற்கையின் எல்லை. எந்தத் தொழிற்சாலையும் இதைத் தாண்ட முடியாது. 25 வாட்டு எடுக்கும் ஒரு பல்பு சிறிதும் வெப்பமாக இழக்காமல் முழுவதையும் பச்சை ஒளியாக மாற்றினாலும் 17,075 லூமென்தான் வரும். வெண்ணிற ஒளி தரும் உண்மையான எல்.ஈ.டி. இதில் ஒரு சிறு பகுதியையே தரும். ஆகவே 25 வாட்டு என்று ஒரு பக்கமும் 20,000 லூமென் என்று மறுபக்கமும் அச்சிட்ட பெட்டி, தன்னைத் தானே பொய்யாக்கிக்கொள்கிறது. பெருக்கல் கணக்குத் தெரிந்த மாணவர் எவரும் கடையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எண் உண்மையாகவே இருந்தாலும் என்ன பயன் என்பது அடுத்த வினா. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. எனவே இருமடங்கு தொலைவில் உள்ள பொருளின்மீது அதே அளவு ஒளி விழவேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். வெளிச்சத்தை இருமடங்காக்கினால் பார்வை எட்டும் தூரம் 1.4 மடங்குதான் ஆகும். 30 சதவீதம் கூட்டினால் 14 சதவீதமே கூடும். பெட்டியின்மேல் இந்த இரண்டாவது எண்ணை யாரும் அச்சிடுவதில்லை.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இப்போது விளக்குக்குள் செல்வோம். மெக்கானிக்குகள் ரிஃப்ளெக்டர் என்று சொல்லும் குழியாடி, பரவளைய வடிவம் கொண்டது. அதன் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால், கதிர்கள் எதிரொளித்து இணையாக வெளியே செல்லும். பிரைட் இழை ஏறத்தாழ இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் நிற்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஆடியின் மேற்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்து சாலையில் விழும். கீழ்ப்பாதியில் படும் ஒளியோ மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் விழும். அதைத் தடுக்கவே எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்; அந்தக் கிண்ணம் தெரியும். அதன் ஒரு விளிம்பு சற்றுச் சாய்வாக இருக்கும். சாலையோரத்துப் பக்கம் மட்டும் ஒளி கொஞ்சம் மேலேறி, நடந்து செல்பவரையும் மைல்கல்லையும் காட்டவேண்டும் என்பதற்காக அந்தச் சாய்வு. எதிர்வண்டி வரும் பக்கத்தில் ஒளி கிடைமட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடும்.

இத்தனை ஏற்பாடும் ஒளிமூலம் சரியான இடத்தில், சரியான வடிவில் இருப்பதை நம்பியே செய்யப்பட்டது. இழையின் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர். ஆடியின் குவியத்தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளிமூலம் அச்சிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், கதிர் ஏறத்தாழ 25-க்கு 1 என்ற சாய்வில் திசை மாறும். 50 மீட்டர் தொலைவில் இந்த விலகல் 2 மீட்டர் ஆகிவிடும்! கார் விளக்கின் உயரம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. எதிரே சைக்கிளில் வருபவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல்புக்குள் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பிழை, சாலையில் விழவேண்டிய ஒளியை மனிதரின் முகத்தில் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது.

எல்.ஈ.டி. பல்பைப் பாருங்கள். உருளையான இழைக்குப் பதிலாக, தட்டையான ஒரு பலகையின் இரு புறமும் ஒளிரும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். இழை சுற்றிலும் ஒளி வீசும். சில்லுகள் பக்கவாட்டில் வீசும். பலகைக்குத் தடிமன் உண்டு. ஆகவே இரு புறச் சில்லுகளும் இழை இருந்த கோட்டில் இருக்க இயலாது. பலகையைத் திருகி மாட்டும்போது சில பாகை தவறினாலும் ஒளிக்கோலம் கலைந்துவிடும். அத்துடன் எல்.ஈ.டி. சூட்டைப் பொறுக்காது, சூடேற ஏற அதன் ஒளி குறையும். அதனால் பின்புறம் சிறு விசிறியோ உலோக இதழ்களோ வைக்கிறார்கள். பழைய விளக்கின் மூடிய கூட்டுக்குள் அவற்றுக்குக் காற்றோட்டம் போதாது.

எல்.ஈ.டி. என்ற கருவியையே குறை சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். அதற்கென்றே ஆடியும் வில்லையும் வடிவமைத்த விளக்கில் அது ஹாலஜனைவிட எல்லா வகையிலும் சிறந்தது. பழைய விளக்கிலும் அதைப் பொருத்த முடியாதென்று இல்லை. ஜெர்மனியில் 2020-இல் அத்தகைய மாற்றுப் பல்பு ஒன்றைச் சாலையில் பயன்படுத்த முதன்முதலாக அனுமதித்தார்கள். ஆனால் எப்படி? சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டிகளின் குறிப்பிட்ட விளக்குகளுக்கு மட்டும், பட்டியலிட்டு அனுமதித்தார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. நம் கடைப் பெட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவதோ அந்தச் சொல்தான்.

வழியில் களவு போகும் வெளிச்சம்

பழைய காரின் விளக்கு மங்குவதற்குப் பல்பு காரணமாக இருப்பதைவிட வயரிங் காரணமாக இருப்பதே அதிகம். இதைப் பற்றி எந்தப் பெட்டியும் மூச்சு விடுவதில்லை. விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ரிலே இல்லாத பழைய வண்டியில் விளக்குகளுக்கு வேண்டிய முழு மின்னோட்டமும் பாட்டரியிலிருந்து ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சுக்கு வந்து, டிம்மர் சுவிட்ச் வழியாகச் சென்று, பிறகு முன்னால் உள்ள விளக்கை அடைகிறது. இரண்டு 60 வாட்டு பல்புகளுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் தேவை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம். 5 மீட்டர் கம்பிக்கு 0.086 ஓம். தேய்ந்த சுவிட்ச் முனைகள், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் 0.12 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி வழியிலேயே 1.2 வோல்ட் இறங்கிவிடுகிறது. 13.2 வோல்ட்டுக்குப் பதில் பல்புக்குக் கிடைப்பது 12 வோல்ட்.

ஒன்றரை வோல்ட்கூட இல்லையே, இதில் என்ன போயிற்று என்று தோன்றலாம். டங்ஸ்டன் இழையின் குணம் இங்குதான் நம்மை ஏமாற்றுகிறது. அதன் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. மின்னழுத்தம் 9 சதவீதம் குறைந்தால் ஒளி 28 சதவீதம் குறைந்துவிடும். வேறு வகையில் சொன்னால், வயரிங்கைச் சீர்செய்தாலே, பழைய பல்பே 38 சதவீதம் கூடுதலாக ஒளிரும். விளம்பரங்கள் வாக்களிப்பதை ஒரு ரிலேயும் சில மீட்டர் கம்பியும் செய்து முடித்துவிடும்.

ரிலேயின் வேலை எளியது. பாட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்றைப் பியூஸ் வழியாக விளக்குக்கு நேரே கொண்டுசெல்கிறோம். அந்தப் பாதையைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்சே ரிலே. பழைய சுவிட்ச் இனி ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கினால் போதும். விளக்கின் எர்த் இணைப்பையும் சுரண்டித் துடைத்து இறுக்கவேண்டும்.

உங்கள் வண்டியில் எவ்வளவு களவு போகிறது என்பதை நீங்களே அளக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு விளக்கை எரியவிடுங்கள். வோல்ட்மீட்டரைக் கொண்டு பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பல்பின் இணைப்பு முனைகளில் அளந்து பாருங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பல்புக் கடைக்குப் போகவேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் போகலாம்.

100 வாட்டு பல்பு

வெளிச்சம் போதவில்லை என்றால் 60/55 வாட்டு பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட்டு பல்பை மாட்டுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் நெடுங்கால வழக்கம். அதே பழைய வயரிங்கில் இதை மாட்டினால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மின்னோட்டம் 15 ஆம்பியருக்கு மேல் ஏறும். வழியில் இறங்கும் மின்னழுத்தம் 1.8 வோல்ட்டை எட்டும். 3.4 அடுக்கு விதிப்படி, பல்பு தன் முழு ஒளியில் ஏறத்தாழ 60 சதவீதமே தரும். அதாவது நல்ல வயரிங்கில் எரியும் 60 வாட்டு பல்பு தருவதையே இந்த 100 வாட்டு பல்பு தருகிறது. கூடுதலாகக் கிடைப்பது சூடு ஒன்றுதான். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது இருமடங்குக்கு மேலாகிவிடும். கம்பியின் உறை இளகும், சுவிட்ச் கருகும், ஆடியின் பூச்சு உரியும். பணம் கொடுத்து, இருந்த விளக்கையும் கெடுத்துக்கொண்டதே மிச்சம்.

ஆடியைப் பற்றியும் ஒரு சொல். புதிய அலுமினியப் பூச்சு தன்மேல் படும் ஒளியில் 85 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஈரமும் தூசியும் புகுந்து அது 60 சதவீதமாக மங்கிவிட்டால், எந்தப் பல்பை மாட்டினாலும் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் இழப்புதான். துணியால் துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று முயலவேண்டாம். அப்பூச்சு மிக மெல்லியது. துடைத்தால் துணியோடு வந்துவிடும்.

வெண்மை என்னும் மயக்கம்

பெட்டிகளின் மூன்றாவது எண் கெல்வின். 5,000, 6,000, 8,000 என்று ஏறிக்கொண்டே போகும். எண் பெரிதானால் ஒளி மிகுதி என்று பலரும் நினைக்கிறார்கள். கெல்வின் அளவு ஒளியின் நிறத்தைக் குறிக்கிறது, அளவைக் குறிப்பதில்லை. ஹாலஜன் பல்பு சுமார் 3,200 கெல்வின், சற்றே மஞ்சள். எண் ஏற ஏற நீலம் கூடும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடிக்கு நீலப் பூச்சுக் கொடுத்தும் விற்கிறார்கள். அந்தப் பூச்சு ஒளியைப் படைப்பதில்லை. மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடுகிறது. பார்வைக்குப் புதுமையாகத் தோன்றுகிறது. சாலைக்குக் கிடைப்பதோ குறைவு.

மஞ்சள் ஒளிதான் மூடுபனியை ஊடுருவும் என்ற எதிர்க்கட்சி வாதமும் ஆராயத்தக்கதே. பிரான்சு நாட்டில் 1930-களின் இறுதி முதல் 1993 வரை கார் விளக்குகள் மஞ்சளாகவே இருக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான ஒளிச்சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களால் நிகழ்வது. மூடுபனித் துளிகள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். ஆகவே பனியை ஊடுருவுவதில் மஞ்சளுக்குத் தனிச் சிறப்பு இல்லை. ஆனால் ஒன்று உண்டு. ஒரே அளவு ஒளியில், நீலம் மிகுந்த வெண்மை எதிரே வருபவரின் கண்ணை மஞ்சளைவிட அதிகமாக உறுத்துகிறது.

எதிரே வருபவரின் கண்

இதுவரை பார்த்ததெல்லாம் வாங்குபவரின் பணத்தைப் பற்றியது. இனிப் பேசப்போவது வேறொருவரின் உயிரைப் பற்றியது. பெட்டிகள் முற்றிலும் மறந்துவிட்ட மனிதர் இவர்.

வலிமையான ஒளி கண்ணில் விழும்போது அதில் ஒரு பகுதி கண்வில்லையிலும் பிற ஊடகங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதும் வெண்திரை போலப் படிகிறது. மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடி வழியே பார்ப்பதை ஒத்தது இது. இந்தத் திரையின் அடர்த்தி, கண்ணில் விழும் ஒளிக்கு நேர்விகிதத்திலும், பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையேயுள்ள கோணத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்திலும் இருக்கும். நடுவில் திட்டுள்ள அகன்ற நெடுஞ்சாலையில் கோணம் பெரிது; துன்பம் குறைவு. எதிரும் புதிருமாக வண்டிகள் உரசிச் செல்லும் நம் கிராமத்துச் சாலையில் கோணம் மிகச் சிறிது. வயது ஏற ஏறக் கண்வில்லையில் சிதறல் கூடுவதால், முதியவருக்குத் திரை இன்னும் அடர்த்தி.

ஒளி கடந்து சென்ற பின்னும் பார்வை உடனே மீள்வதில்லை. சில விநாடிகள் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. 3 விநாடியில் 50 மீட்டர். அந்த 50 மீட்டரை ஓட்டுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு கடக்கிறார் என்றே கொள்ளலாம். அவ்விடத்தில் சாலையோரமாக நடந்து செல்பவரும், பின்விளக்கு இல்லாத சைக்கிளும், மாட்டுவண்டியும் இருக்கக்கூடும். விளக்கை மாற்றியவருக்கு எதுவும் தெரியாது. அவர் தன் வெள்ளை வெளிச்சத்தில் நிம்மதியாகப் போய்விட்டிருப்பார். ஒருவருக்குக் கிடைத்த கூடுதல் வெளிச்சம் இன்னொருவருக்கு இருட்டாக மாறியிருக்கிறது. முன்னேற்றம் என்ற சொல் இதற்குப் பொருந்துமா?

நம் நாட்டில் முன்பு கார், லாரி விளக்குகளின்மேல் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். மேற்பாதிக்கு வண்ணம் பூசுவதும் உண்டு. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. இதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. இழையிலிருந்து ஆடியில் படாமல் நேராக வெளியேறும் ஒளி எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் எல்லாப் பக்கமும் பரவி எதிரே வருபவரைக் கூசவைக்கும். நடுவில் வைத்த பொட்டு அதில் ஒரு பகுதியைத் தடுத்தது. எச்4 பல்பின் நுனியில் கறுப்பு மூடி இருக்கிறதே, அது அதே வேலையைச் செம்மையாகச் செய்கிறது. மேற்பாதி வண்ணமோ வேறு. ஆடியிலிருந்து வரும் ஒளி கண்ணாடியின் எல்லாப் பகுதி வழியாகவும் சாலைக்குச் செல்கிறது; டிம் ஒளி வருவதோ மேற்பாதியிலிருந்து. மேற்பாதியை மூடினால் கூச்சமும் குறையும், சாலையில் வேண்டிய வெளிச்சமும் குறையும். ஆனாலும் அந்தப் பொட்டு வைத்தவர் எதிரே ஒரு மனிதர் வருகிறார் என்பதை நினைத்தார். இன்றைய பெட்டியில் அந்த நினைவுகூட இல்லை.

எது சரியான மாற்றம்?

அப்படியானால் பழைய காரின் விளக்கை மேம்படுத்தவே கூடாதா? தாராளமாக மேம்படுத்தலாம். வரிசைதான் முக்கியம்.

முதலில் மின்னழுத்தத்தை அளந்து, தேவையானால் ரிலேயும் தடித்த கம்பியும் போடவேண்டும்.

இரண்டாவதாக, விளக்கு நோக்கும் திசையைச் சரிபார்க்கவேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, 10 மீட்டர் எதிரே உள்ள சுவரில் டிம் ஒளியைப் பாய்ச்சுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கவேண்டும். இது 100-க்கு 1 சரிவு. 65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி அப்போது 65 மீட்டர் வரை சாலையில் படியும். ஒரே ஒரு பாகை மேலே தூக்கினாலும் 50 மீட்டரில் அது 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் கார் முகம் தூக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

மூன்றாவதாக, ஆடி மங்கியிருந்தால் பல்பை மாற்றாமல் விளக்கையே மாற்றவேண்டும். இங்கு பழைய கார் வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. அமெரிக்காவில் 1940 முதல் கார்களுக்கெல்லாம் ஒரே அளவான 7 அங்குல வட்ட விளக்கை விதித்தார்கள். இழை, ஆடி, கண்ணாடி மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக மூடப்பட்ட சீல்டு பீம் விளக்கு அது. 1983 வரை பல்பை மட்டும் கழற்றி மாற்றும் விளக்குக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பாவில் அதற்குள் 1962-இல் எச்1 ஹாலஜன் பல்பும், 1970-களின் தொடக்கத்தில் எச்4 பல்பும் வந்துவிட்டன. வளர்ச்சியைத் தடுத்தது என்று அந்த அமெரிக்க விதியைப் பலர் குறை சொல்வது நியாயமே. ஆனால் அது விட்டுச்சென்ற நன்மை ஒன்று உண்டு: 7 அங்குலம் என்பது உலகப் பொது அளவாயிற்று. அதனால் எச்4 பல்புக்கென வடிவமைத்த முழு விளக்கையோ, தனக்கென ஆடியும் வில்லையும் கொண்ட முழு எல்.ஈ.டி. விளக்கையோ, அதே வட்டத்தில் இன்று பொருத்த முடிகிறது. புதிய வண்டிகளின் விசித்திர வடிவ விளக்குகளுக்கு இந்த வசதி இல்லை.

வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே அம்புக்குறியையும் தேடுங்கள். அம்புக்குறியே இல்லாத டிம் விளக்கு, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு உரியது. அதை இங்கே மாட்டினால் சாலையோரத்துக்குப் போகவேண்டிய ஒளி எதிர்வண்டிக்காரரின் முகத்துக்குப் போகும். உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் கொள்க.

கடைசியாக, எந்தக் கடையிலும் விற்காத ஒரு மேம்பாடு உண்டு. ஓட்டுநர் உணர்ந்து செயல்பட 1.5 விநாடி ஆகும் என்றும், பழைய காரின் பிரேக் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க 53 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 83 மீட்டர். 53 மீட்டருக்குப் பதில் 83 மீட்டர் வரை அதே தெளிவோடு பார்க்க, வர்க்க விதிப்படி ஏறத்தாழ 2.5 மடங்கு ஒளி வேண்டும். எனவே இரவில் வேகத்தை 80-இலிருந்து 60-க்குக் குறைப்பவர், தன் விளக்கை ஏறத்தாழ 2.5 மடங்கு வலிமையாக்கிக்கொண்டவர் ஆகிறார். இதற்குச் செலவில்லை, யாருடைய கண்ணும் கூசுவதில்லை.

அடுத்த முறை கடையில் அந்தப் பெட்டியை எடுத்தால், லூமெனையும் கெல்வினையும் படித்து முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஒளி எங்கே போய் விழும்? அதற்குப் பெட்டியில் விடை இல்லையென்றால், அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.